வீடு எரிந்தபோது வீட்டில் இல்லாதவர்கள்: இரண்டு படங்கள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஏதாவது நல்ல படம் சொல்லு" என்று யார் கேட்டாலும் கொஞ்ச வருஷமாக நான் ஒரு ஜோடியைத்தான் சொல்லி வருகிறேன். ஒன்று ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்', 1956ல் வந்த கௌபாய் படம். இன்னொன்று கென்னத் லோனர்கனின் 'மான்செஸ்டர் பை தி சீ', 2016. பார்த்துவிட்டு வந்தவர்களில் சிலர் திட்டினார்கள், பலர் கேள்வி கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு கதைகளின் முடிவும் இதில் வந்துவிடும். இன்னும் பார்க்கவில்லை என்றால் பார்த்துவிட்டு வாருங்கள், அவசரம் ஒன்றுமில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

'தி சர்ச்சர்ஸ்': டெக்சாஸ், 1868. உள்நாட்டுப் போர் முடிந்து மூன்று வருஷம் கழித்து ஈதன் எட்வர்ட்ஸ் (ஜான் வெய்ன்) அண்ணன்–தம்பி உறவை நம்பி ஆரன் வீட்டுக்கு வருகிறான். வந்த சில நாளிலேயே கொமாஞ்சேக்கள் (அமெரிக்கப் பூர்வகுடி இனங்களில் ஒன்று) அந்த வீட்டைத் தாக்கி எரிக்கிறார்கள். ஆரன், அவன் மனைவி மார்த்தா, மகன் எல்லோரும் சாகிறார்கள். இரண்டு பெண்கள் தூக்கிச் செல்லப்படுகிறார்கள். மூத்தவள் லூசி சீக்கிரமே பிணமாகக் கிடைக்கிறாள். சின்னவள் டெபியை ஈதனும், அந்த வீட்டில் வளர்ந்த மார்ட்டினும் ஐந்து வருஷம் தேடுகிறார்கள்.

'மான்செஸ்டர் பை தி சீ': பாஸ்டன் பக்கம் குவின்சியில் லீ சாண்ட்லர் (கேசி அஃப்லெக்) குடியிருப்புகளில் குழாய் ரிப்பேர், பனி அள்ளுதல் என்று எல்லா வேலையும் பார்க்கிறான். இருப்பது ஓர் அடித்தள அறையில். அண்ணன் ஜோ இதய நோயில் இறக்கிறான். அண்ணன் மகன் பாட்ரிக்குக்கு (லூகஸ் ஹெட்ஜஸ்) லீதான் பாதுகாவலன் என்று உயிலில் எழுதியிருக்கிறது. அதற்காக அவன் பழைய ஊருக்கே திரும்ப வேண்டும். அந்த ஊரில் அவனுடைய மூன்று குழந்தைகளும் அவன் கவனக்குறைவால் தீயில் போயிருக்கிறார்கள்.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றில் குதிரை, இன்னொன்றில் படகு.

வீடு எரியும்போது இரண்டு பேருமே வீட்டில் இல்லை. எனக்கு அதுதான் சம்பந்தம், அது மட்டும்தான்.

ஈதன் மாட்டைத் திருடியவர்களைத் துரத்திப் போயிருக்கிறான். நாற்பது மைல் தள்ளி மாடுகள் செத்துக் கிடப்பதைப் பார்க்கும்போதுதான் புரிகிறது, ஆண்களை வீட்டைவிட்டு நகர்த்துவதற்காகவே மாட்டை ஓட்டியிருக்கிறார்கள் என்று. லீ நள்ளிரவுக்கு மேல் பியர் வாங்கக் கடைக்கு நடந்து போயிருக்கிறான். போதையில் கார் ஓட்டக் கூடாது என்று நடந்துதான் போனான். பாதி வழியில் கணப்பு அடுப்பின் முன்னால் தடுப்பை வைத்தோமா என்று ஒரு சந்தேகம் வருகிறது. சரி, ஒன்றும் ஆகாது என்று மேலே நடக்கிறான்.

இருவரும் எரியும் வீட்டின் முன்னால் வந்து நிற்கிறார்கள். லீயின் கையில் கடைப் பை அப்படியே இருக்கிறது. அவர்களால் அதற்கப்புறம் எந்த வீட்டிலும் உட்கார முடியவில்லை. அறுபது வருஷ இடைவெளியில் எடுத்த இந்த இரண்டு படங்களும் அதைத்தான் சொல்கின்றன என்பது என் வாசிப்பு. லோனர்கன் ஃபோர்டை நினைத்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை.

கௌபாய் படத்தில் துக்கம் எங்கே இருக்கிறது? ஜான் வெய்ன் முறைத்துக்கொண்டே இருக்கிறாரே.

அதைத்தான் நானும் முதல் தடவை நினைத்தேன். கௌபாய் என்றால் எனக்கு லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர்தான். நவஹோ என்ற இன்னொரு பூர்வகுடி இனத்தின் தோழன், சொன்ன சொல் மாறாதவன். அந்த எதிர்பார்ப்போடு போனால் ஈதன் மகா எரிச்சலாக இருப்பான். இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் ஒரு மேலங்கி கண்ணில் பட்டது.

மாட்டுத் திருடர்களைத் துரத்த ரேஞ்சர்கள் (டெக்சாஸ் காவல் படை) கிளம்பப் போகிறார்கள். பாதிரியும் கேப்டனுமான க்ளேட்டன் நின்றபடி காபி குடிக்கிறார். அவருக்குப் பின்னால் உள்ளறையில் மார்த்தா ஈதனின் மேலங்கியை எடுத்து, ஆள் முன்னால் நிற்பதுபோல அதைத் தடவிக்கொடுக்கிறாள். க்ளேட்டன் பார்த்துவிடுகிறார். பார்த்ததும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு காபியைத் தொடர்கிறார். ஒரு வசனம் கிடையாது. அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் நடுவே என்னவோ இருந்திருக்கிறது, அது சொல்லப்படவே இல்லை, ஊருக்கும் அரைகுறையாகத் தெரியும். இவ்வளவும் ஒரு வாய்க் காபிக்குள் வந்துவிடுகிறது.

அப்புறம் செத்த மாடுகளைப் பார்த்த இடம். மார்ட்டின் பதறிக் குதிரையைத் திருப்புகிறான். நாற்பது மைல் இருக்கிறது, குதிரை ஓய்வெடுக்க வேண்டும், தீனி வேண்டும் என்கிறான் ஈதன். சேணத்தை இறக்கிக் குதிரையின் முதுகைத் துடைக்கிறான். கேமரா அவன் முகத்துக்கு வருகிறது. அங்கே இந்நேரம் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். கை மட்டும் துடைத்துக்கொண்டே இருக்கிறது. வெய்ன் தன் வாழ்நாளில் நடித்த எல்லாவற்றிலும் சிறந்த சில வினாடிகள் இவை என்று நான் அடித்துச் சொல்வேன்.

எரியும் வீட்டை நோக்கி ஓடும்போது அவன் வாயில் முதலில் வரும் பெயர் கூடப்பிறந்தவனுடையது அல்ல. "மார்த்தா!"

அடக்கத்தில் ஆற்றங்கரைப் பாட்டு பாடிக்கொண்டிருக்கிறார்கள். ஜெபம் நீளுகிறது. ஈதன் பொறுக்காமல், ஆமென் போட்டு முடி என்கிறான். எல்லோரும் இதை அவன் முரட்டுத்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே இன்னும் ஐந்து நிமிஷம் நின்றால் அவன் உடைந்துவிடுவான். துரத்திப் போக ஓர் எதிரி இருப்பது அவனுக்கு எவ்வளவு சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே இடத்தில் லீயின் கதையைத் திருப்பிப் போடுங்கள். மாசசூசெட்ஸில் குளிர்காலம், நிலம் உறைந்து கிடக்கிறது, குழி வெட்ட முடியாது. ஜோவின் உடலை வசந்த காலம் வரை குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். அங்கே அடக்கத்தை அவசரமாக முடிக்கிறார்கள், இங்கே அடக்கம் மாதக்கணக்கில் இழுக்கிறது. துரத்துவதற்கும் யாரும் இல்லை. லீயின் எதிரி லீதான்.

ஈதன் பச்சை இனவெறியன். அவனுக்காக எப்படி வருத்தப்படுகிறீர்கள்?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. ஆமாம், அவன் இனவெறியன். செத்துப் புதைத்த கொமாஞ்சேயின் கண்களைச் சுடுகிறான். கண் இல்லாவிட்டால் ஆவிகளின் உலகத்துக்குள் போக முடியாது, காற்றுகளுக்கு நடுவே என்றென்றைக்கும் அலைய வேண்டியதுதான் என்று விளக்கமும் சொல்கிறான். அவர்களின் நம்பிக்கையை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறான். புண்படுத்துவதற்காகவே தெரிந்துவைத்திருக்கிறான். எட்டில் ஒரு பங்கு செரோக்கிப் பூர்வகுடி ரத்தம் உள்ள மார்ட்டினை முதல் இரவுச் சாப்பாட்டு மேசையிலேயே ஏளனம் செய்கிறான். அந்தப் பையனைக் குழந்தையாக மீட்டு வந்ததே இவன்தான். டெபியைத் தேடும் நோக்கமும் பாதியில் மாறிவிடுகிறது. கொமாஞ்சேயோடு வாழ்ந்தவள் செத்தாலே தேவலை என்று அவளைக் கொல்லத் துப்பாக்கியை உருவுகிறான், மார்ட்டின் குறுக்கே நிற்கிறான்.

இதையெல்லாம் படம் ரசிக்கிறதா, காட்டிக்கொடுக்கிறதா? பெரும்பாலும் காட்டிக்கொடுக்கிறது என்பேன். கொமாஞ்சே தலைவன் ஸ்கார் தன் இரண்டு மகன்களை வெள்ளையர்கள் கொன்றதாகச் சொல்கிறான். ஒவ்வொரு மகனுக்கும் பல தலைத்தோல்களை உரித்திருக்கிறான். அதாவது அவனும் இன்னொரு ஈதன். கடைசியில் ஸ்காரின் பிணத்திலிருந்து தலைத்தோலை உரிப்பது யார்? ஈதன். யார் நாகரிகம், யார் காட்டுமிராண்டி என்ற கணக்கை ஃபோர்ட் அங்கே கலைத்துப் போட்டுவிடுகிறார்.

ஆனால் "பெரும்பாலும்" என்றுதான் சொன்னேன். கொமாஞ்சே தலைவனாக நடித்த ஹென்றி பிராண்டன் பெர்லினில் பிறந்த வெள்ளைக்காரர், கண் நீலம். கொமாஞ்சேக் கூட்டமாக வருபவர்கள் நவஹோக்கள். மார்ட்டின் தெரியாமல் 'விலைக்கு வாங்கிய' லுக் என்ற பெண்ணை உதைத்து மேட்டிலிருந்து உருட்டிவிட்டு, அதை நகைச்சுவை என்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே லுக் குதிரைப்படை தாக்கிய கிராமத்தில் பிணமாகக் கிடக்கிறாள். ஃபோர்ட் நம் சிரிப்பைத் தண்டிக்கிறார் என்று சிலர் வாதாடுகிறார்கள். நான் அவ்வளவு தாராளம் காட்ட மாட்டேன். சிரிக்கவைத்ததும் அவர்தானே. வெய்ன் 1971ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் வெள்ளையர் மேலாதிக்கத்தை நம்புவதாகவே சொன்னவர். தன் மகனுக்கு ஈதன் என்று பெயரும் வைத்தார். இதையும் தெரிந்துகொண்டே படத்தைப் பாருங்கள்.

வருத்தப்படுவது வேறு, மன்னிப்பது வேறு. படமும் அவனை மன்னிக்கவில்லை, வெளியே நிறுத்திவிடுகிறது.

அப்படியானால் டெபியை ஏன் கொல்லாமல் விட்டான்?

படம் காரணம் சொல்லவில்லை. துரத்திப் பிடித்து, சின்னவளாக இருந்தபோது தூக்கியதுபோலவே தலைக்கு மேலே தூக்குகிறான். முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது அவளை அப்படித்தான் தூக்கினான். அப்புறம் கையில் ஏந்திக்கொண்டு, "வீட்டுக்குப் போகலாம், டெபி." கைக்கு அந்தக் கனம் ஞாபகம் வந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இது போதாது, மனமாற்றத்துக்குத் தயாரிப்பு வேண்டாமா என்று என் நண்பர் ஒருவர் இன்னும் சண்டை போடுகிறார். ஐந்து வருஷம் ஊறின வெறுப்பு ஒரு தூக்கலில் போகுமா என்றால், போகாது. போகவில்லை என்பதால்தான் அவனால் உள்ளே வர முடியவில்லை.

அந்தக் கடைசிக் கதவைப் பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்கள்?

படம் இருட்டில் தொடங்குகிறது, ஒரு கதவு திறக்கிறது, மார்த்தா வெளியே வந்து தூரத்தில் வரும் ஈதனைப் பார்க்கிறாள். முடிவிலும் கேமரா ஒரு வீட்டுக்குள்ளே, இருட்டில். எல்லோரும் ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். ஈதன் வாசலில் நின்று, இடது கையால் வலது கையின் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறான். திரும்பி நடக்கிறான். கதவு மூடுகிறது.

கையைப் பிடிக்கும் அந்தப் பாணி ஹாரி கேரி என்ற பழைய மௌனப்பட நடிகருடையது. ஃபோர்டின் ஆரம்பகாலக் கௌபாய் படங்களின் நாயகன் அவர், 1947ல் இறந்துபோனார். இந்தப் படத்தில் அவர் மனைவி ஆலிவ் கேரிதான் அந்த வீட்டுக்கார அம்மாவாக நடித்திருக்கிறார், அவர்கள் மகன் பிராட் என்ற பாத்திரத்தில் வருகிறார். ஆலிவ் பார்க்க வெய்ன் அதைச் செய்தார். செத்தவர் ஒருவருக்கான மரியாதை அந்த ஷாட்டுக்குள்ளேயே இருக்கிறது, தெரியாமல் பார்த்தாலும் நெஞ்சில் ஏதோ செய்கிறது.

ஆலன் லெ மே எழுதிய மூல நாவலில் இந்தப் பாத்திரத்தின் பெயர் ஏமஸ், அவன் கதைக்குள்ளேயே செத்துப்போகிறான். படம் அவனை உயிரோடு விட்டது பெரிய தண்டனை. செத்த கொமாஞ்சேக்கு அவன் விதித்தது அவனுக்கே வந்துவிட்டது, காற்றுகளுக்கு நடுவே அலைவது.

லீ ஏன் அழவே மாட்டேன் என்கிறான்? மரக்கட்டை மாதிரி இருக்கிறான்.

எங்கள் வீட்டில் ஒரு சாவு. பெரியப்பா மூன்று நாளும் பந்தல்காரர், நாற்காலி, தண்ணீர் கேன் கணக்குத்தான் பார்த்தார். எத்தனை நாற்காலி வந்தது, எத்தனை திரும்பிப் போனது என்று ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருந்தார். இரண்டு நாற்காலி குறைந்ததற்குப் பந்தல்காரரிடம் அவ்வளவு சண்டை. அழவில்லை என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். லீயைப் பார்த்தபோது எனக்கு அந்த டைரிதான் ஞாபகம் வந்தது. லீ மருத்துவமனையில் யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று கேட்கிறான், பாட்ரிக்கைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிறான், காரில் கொண்டு விடுகிறான். வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

அவன் உடைந்த இடம் ஒன்று உண்டு. தீ விபத்துக்கு மறுநாள் காவல் நிலையத்தில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்கிறான். அதிகாரிகள், நீங்கள் செய்தது பயங்கரமான தவறு, ஆனால் தடுப்பை வைக்க மறப்பது குற்றமாகாது, போகலாம் என்கிறார்கள். "அவ்வளவுதானா, நான் போகலாமா?" என்று அவனுக்குப் புரியவே இல்லை. வெளியே வரும்போது ஒரு போலீஸ்காரரின் துப்பாக்கியைப் பிடுங்கித் தன் தலையில் வைக்கிறான். சட்டம் அவனுக்குத் தண்டனை தர மறுத்துவிட்டது. அந்த அடித்தள அறையும், வேண்டுமென்றே இழுத்துக்கொள்ளும் பார் சண்டைகளும் அவனே தனக்கு எழுதிக்கொண்ட தீர்ப்பு.

உறைந்த கோழியைப் பார்த்து பாட்ரிக் ஏன் அப்படி ஆகிறான்?

பையன் அப்பா செத்த அன்றும் நண்பர்களை வரவழைத்து பீட்சா சாப்பிடுகிறான். இரண்டு பெண்களோடு பழகுகிறான், ஹாக்கி, பாட்டுக் குழு என்று ஓடுகிறான். கல் நெஞ்சன் என்று நாம் முடிவுகட்டும் நேரத்தில் ஒரு நாள் ராத்திரி ஃப்ரீசரைத் திறக்கிறான், உறைந்த கோழிப் பொட்டலங்கள் விழுகின்றன. திரும்ப உள்ளே வைத்தால் மறுபடி விழுகின்றன. மூச்சு முட்டுகிறது. அப்பா ஒரு ஃப்ரீசரில் கிடக்கிறார். "எனக்கு அது பிடிக்கவில்லை" என்பதற்கு மேல் அவனால் சொல்ல முடியவில்லை. லீ கதவை உதைத்துத் திறந்து உள்ளே வந்து, ஆறுதல் சொல்லத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறான். பையன் போகச் சொன்னாலும் போகவில்லை.

இவ்வளவு சோகமான படத்தில் எனக்கு அங்கங்கே சிரிப்பு வந்தது. தப்பா?

தப்பில்லை. சிரிக்கத்தான் எழுதியிருக்கிறார். கையில் கட்டோடு லீ வருகிறான். என்ன ஆச்சு என்கிறான் பாட்ரிக். "வெட்டிக்கிட்டேன்." "ஓ, நல்லவேளை சொன்னாய், ஒரு நிமிஷம் என்ன ஆச்சென்றே தெரியவில்லை." சித்தப்பனும் மகனும் பேசுவது இப்படித்தான் இருக்கும். எரிந்த வீட்டின் முன்னால் லீயின் மனைவி ராண்டியை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஸ்ட்ரெச்சரின் கால் மடங்கவில்லை, திரும்பத் திரும்ப இடிக்கிறது. உலகத்தின் மகா கொடுமையான நேரத்திலும் ஒரு கம்பி மக்கர் செய்யும். இதை விடாமல் வைத்ததற்காகவே எழுத்துக்கான ஆஸ்கர் சரியான கைக்குப் போனது என்பேன். அஃப்லெக்குக்கும் நடிப்புக்காகக் கிடைத்தது. 'தி சர்ச்சர்ஸ்' படத்துக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. 2012ல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை விமர்சகர்களிடம் கேட்டு வெளியிட்ட சிறந்த படங்கள் பட்டியலில் அது ஏழாம் இடம்.

குறையே இல்லையா?

இருக்கிறது. 'தி சர்ச்சர்ஸ்' நடுவில் மார்ட்டினின் காதலி லாரிக்கும் சார்லி என்பவனுக்கும் நடக்கவிருக்கும் கல்யாணக் கூத்தும் அடிதடியும் எனக்குத் தாங்காது. அந்த நேரத்தில் நான் டீ போடப் போய்விடுவேன். மானுமென்ட் வேலி அரிசோனா–யூட்டா எல்லையில் நவஹோ நிலத்தில் இருக்கிறது, அதை டெக்சாஸ் என்பது பூகோளப்படி பெரிய பொய். ஆனால் விஸ்டாவிஷன் என்ற அகலத்திரை முறையில் அந்தச் செம்பாறைகளைப் பார்த்தால் பூகோள வாத்தியாரும் மன்னித்துவிடுவார்.

'மான்செஸ்டர்' படத்தில் தீ விபத்துக் காட்சி முழுக்க 'அல்பினோனியின் அடாஜியோ' என்று சொல்லப்படும் இசை ஓடுகிறது. எனக்கு அது அதிகப்படி. கடைப் பையோடு நிற்கும் ஆளுக்கு வயலின் எதற்கு? வசனம் கேட்காமல் இசை மட்டும் ஓடுவதுதான் சரி, அதிர்ச்சியில் காது அடைத்துவிடும் என்று என் மனைவி சொல்கிறாள். இதில் நாங்கள் இன்னும் உடன்படவில்லை.

ராண்டி இன்னும் அதிக நேரம் வந்திருக்கலாம். மிஷெல் வில்லியம்ஸ் தெருவோரத்தில் ஒரே ஒரு காட்சியில் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போகிறார். புதுக் குழந்தையின் தள்ளுவண்டி பக்கத்தில். உன்னிடம் பயங்கரமாகப் பேசிவிட்டேன், மன்னித்துவிடு, சாப்பிட வருகிறாயா என்று அழுகிறாள். அவன் தப்பி ஓடப் பார்க்கிறான். இருவரும் ஒருவர் வாக்கியத்தை ஒருவர் முடிக்கவிடாமல் திக்குகிறார்கள். உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்கிறான்.

கடைசியில் லீ அந்தப் பையனோடு இருந்திருக்கலாமே? ஏமாற்றமாக இருந்தது.

வேறு படமாக இருந்தால் இருந்திருப்பான். பையன் காயத்தை ஆற்றுவான், சித்தப்பன் சிரிப்பான், கடல், சூரியன், சுபம். இங்கே அவன் தூங்கும்போது அடுப்பில் குழம்பு கருகுகிறது. கனவில் மகள், "அப்பா, நாங்க எரியறது தெரியலையா?" என்று கேட்கிறாள். ஃப்ராய்டின் கனவுகள் பற்றிய நூலில் வரும் எரியும் குழந்தையின் கனவை அப்படியே நினைவூட்டும் வரி. எழுந்து பார்த்தால் அறை முழுக்கப் புகை. இன்னொரு குழந்தை தூங்கும் வீட்டில் இன்னொரு தீ. அதற்கு அப்புறம் பாட்ரிக்கிடம், "என்னால் இதைத் தாண்ட முடியவில்லை" என்று சொல்கிறான். பையன், ஜோவின் நண்பர் ஜார்ஜின் குடும்பத்தோடு அங்கேயே இருப்பான், லீ பாஸ்டனுக்குப் போவான்.

ஆனால் பாஸ்டனில் கூடுதலாக ஓர் அறையோடு வீடு தேடுகிறான். எதற்கு என்று பையன் கேட்கிறான். நீ எப்போதாவது வந்தால் தங்குவதற்கு. ஈதனிடம் இது இல்லை. அவனுக்கு மற்றவர்களின் வாசல் மட்டும்தான்.

எதை முதலில் பார்ப்பது?

'மான்செஸ்டர்'. இரண்டு மணி பதினேழு நிமிஷம். ராத்திரி தனியாக வேண்டாம். இரண்டு நாள் விட்டு 'தி சர்ச்சர்ஸ்', முடிந்தவரை பெரிய திரையில், நல்ல பிரதியில்.

லீ எடுத்து வைக்கும் மூன்று போட்டோக்களில் யார் இருக்கிறார்கள்?

காட்டவே மாட்டார்கள். குவின்சியில் பெட்டி கட்டும்போது மூன்று சட்டங்களைத் துணியில் கவனமாகச் சுற்றி எடுத்துவருகிறான். அண்ணன் வீட்டு அறையில் மேசைமேல் நிறுத்தி வைக்கிறான். பிறகு ஒரு நாள் பாட்ரிக் அந்த அறைக்குள் வந்து அவற்றைப் பார்க்கிறான். நமக்குச் சட்டங்களின் பின்பக்கமும் பையனின் முகமும் மட்டும்தான். பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வெளியே போகிறான். அன்றிலிருந்து சித்தப்பனிடம் அவன் பேச்சு கொஞ்சம் மெதுவாகிவிடுகிறது.